எங்கள் தெரு வாறுகாலும் தாமிரபரணிதான்: நெல்லை மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டு கவுன்சிலர்களுக்கும், மேயர், கமிஷனர் அவர்களுக்கும்,

வணக்கம். நான் ஜங்ஷன் பக்கம் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். பதினாறு வயதில் ஸ்பேனர் பிடித்தவன். தொழிலில் 27 வருஷம் ஆகிறது. குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனு ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அதற்குள் அடங்காது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

நம்முடைய தாமிரபரணி ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடக்கிறது. 2024-ல் நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சாக்கடை நிற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே ஆற்றுக்கு இன்னொரு வழியாகவும் அழுக்கு போகிறது. அதற்கு மோட்டார் கிடையாது, பெரிய குழாய் கிடையாது, பழி போட ஒரு ஆலை கூடக் கிடையாது. தெருவில் கிடக்கிறதெல்லாம் மழை பெய்ததும் வாறுகாலில், அதாவது தெருவோர வடிகாலில், இறங்கி ஆற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். அதை நான் கண்ணால் பார்த்தவன். பல வருஷம் என் கையாலேயே செய்தவனும்கூட.

அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பைக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் பிடிக்கும். புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருப்பது, கழற்றும்போது மை மாதிரி வரும். அதில் கரியும் என்ஜின் தேய்ந்த இரும்புத் தூளும் கலந்திருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று தெரியும். நான் தொழில் கற்ற கடையில் அந்த ஆயிலை ஒரு ட்ரேயில் பிடிப்போம். ட்ரே நிறைந்ததும் கடை வாசல் வாறுகாலில் ஊற்றிவிட்டு வரும் வேலை, கடையிலேயே சின்னப் பையனுடையது. அந்தப் பையன் நான்தான். செயின் கழுவிய மண்ணெண்ணெயும் அங்கேதான் போகும். சாயங்காலம் கடை கட்டும்போது தரையில் சோப்புத்தூள் தூவி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, நாலு வாளித் தண்ணீரில் வாசலுக்குத் தள்ளிவிடுவோம். தனிக்கடை போட்ட பிறகும் கொஞ்ச வருஷம் இப்படித்தான் இருந்தேன். தப்பு என்று யாரும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பிறகு பழைய ஆயிலை வாங்கிக்கொள்ள ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காசு கிடைக்கிறது என்றதும் பேரலில் சேர்த்து வைக்கப் பழகினோம். ஆற்றை நினைத்துச் செய்ததில்லை அது. எப்படியோ, பெரும்பகுதி ஆயில் வாறுகாலுக்குப் போவது நின்றது. சிந்துவதும் தரை கழுவுவதும் அப்படியே தொடர்ந்தன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கியது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றிலும் வெள்ளம் நின்றது. எங்கள் தெருவுக்குள்ளும் ஆறு வந்தது. மூன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கினால் பேரலைக் காணோம். பாதிக்கு மேல் பழைய ஆயில் இருந்த பேரல். உள்ளே சுவரில் என் மார்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. சேறு என்று நினைத்துத் துடைத்தேன், விரல் வழுக்கியது. எண்ணெய். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை. பக்கத்துப் பலசரக்குக் கடைச் சுவரிலும் அதே கோடு. அதற்கடுத்த வீட்டுத் திண்ணையிலும் அதே கோடு. அந்த வீட்டு ஆச்சி துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. என் பேரலில் இருந்ததும், என்னை மாதிரி நூறு கடைகளில் இருந்ததும் சேர்ந்துதான் அந்தக் கோட்டைப் போட்டன.

எங்கள் அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் வல்லநாட்டிலிருந்து போகிறது. வல்லநாடு நமக்குக் கீழே இருக்கிறது. நம் ஊரைத் தாண்டி, சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலந்த பிறகுதான் ஆறு அங்கே போகிறது. வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நாள் போனில் நான் பேரல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், நஷ்டக் கணக்காக. அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏலே தம்பி, நீங்க கழுவி விடுத தண்ணியத்தான நாங்க குடிக்கோம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: “அண்ணாச்சி, இந்த வாறுகால் தண்ணி எங்க போவுது?” பாதிப் பேர், “கார்ப்பரேஷன் சாக்கடைக்கு” என்றார்கள். மீதிப் பேர், “எங்கயாவது கொண்டுபோயி சுத்தம் பண்ணுவாங்கல்லா” என்றார்கள். படித்தவர்கள், வேலையில் இருக்கிறவர்கள், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொன்ன பதில்தான் இது.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மக்களுக்காகச் சொல்கிறேன். பாதாளச் சாக்கடையில் போகிற வீட்டுக் கழிவு நீர், ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தெரு வாறுகாலில் ஓடுகிற மழைத் தண்ணீர் ராமையன்பட்டிக்குப் போகாது. அது பக்கத்தில் இருக்கிற ஓடைக்கோ வாய்க்காலுக்கோ ஆற்றுக்கோ நேரே போகும். நடுவில் ஒரு சல்லடைகூடக் கிடையாது. நாளைக்கே ஊரில் உள்ள கடைசி வீட்டுக்கும் பாதாளச் சாக்கடை இணைப்புக் கொடுத்துவிட்டாலும், தெருவில் கிடக்கும் எண்ணெயும் சாணியும் பிளாஸ்டிக்கும் ஆற்றுக்குத்தான் போய்ச்சேரும். இதை இதுவரை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2024 ஐப்பசியில் ஒரு காரியம் செய்தேன். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் ஒன்றிரண்டு கோடை மழை பெய்தால் உண்டு. அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை வரும்வரை தெரு காய்ந்தேதான் கிடக்கும். அத்தனை மாதத்து அழுக்கும் ரோட்டில் சேர்ந்து நிற்கும். டயர் தேய்ந்த தூள், பிரேக் கட்டைத் தூள், வண்டிகள் நின்ற இடத்தில் சொட்டிய ஆயில், மாட்டுச் சாணி, வெற்றிலை எச்சில், டீத்தூள், கறிக்கடை வாசலில் கழுவி விட்டது, கட்டிடத்துக்குக் கொட்டி வைத்த மணல். முதல் மழை இறங்கிய சாயங்காலம் கடைப் பையனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் தெரு வாறுகால் ஆற்றுச் சரிவில் போய் விழுகிற இடத்துக்குப் போனேன். நாலு காலி தண்ணீர் பாட்டில் கொண்டு போயிருந்தோம். தண்ணீர் விழ ஆரம்பித்து அஞ்சு நிமிஷத்தில் ஒன்று, கால் மணியில் ஒன்று, அரை மணியில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று என்று பிடித்தோம்.

முதல் பாட்டில் பிடிக்கும்போது பெட்ரோல் நெடியும் சாணி நாற்றமும் சேர்ந்து வந்தன. தண்ணீர் கறுப்பு. மேலே மயில் கழுத்து மாதிரி நீலமும் பச்சையுமாக எண்ணெய் மினுங்கியது. பான் பாக்கெட், டீக் கப், ஷாம்பு பாக்கெட் எல்லாம் முட்டிக்கொண்டு இறங்கின. இரண்டாவது பாட்டிலும் கறுப்புத்தான். மூன்றாவது காப்பி நிறம். நாலாவது வெறும் மண் கலங்கல், மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் எடுத்துப் பார்த்தோம். முதல் பாட்டிலின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கறுப்பு வண்டல், மேலே எண்ணெய் வளையம். நாலாவதில் ஒரு சிட்டிகை மணல்.

பையன் கேட்டான், “அண்ணே, அப்ப முத அரை மணி நேரத்துலயே எல்லாம் போயிருமோ?” அவன் எட்டாங்கிளாஸோடு நின்றவன். விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டான். மழைக்காலம் முழுக்க அழுக்கு ஒரே அளவாகப் போவதில்லை. பல மாதத்து அழுக்கில் பெரும்பங்கு, முதல் மழையின் முதல் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. அப்படியென்றால் அந்த மழைக்கு முன்னால் தெருவைச் சுத்தம் செய்தாலே பாதிக்கு மேல் காப்பாற்றிவிடலாம். இதற்குப் பல கோடித் திட்டம் தேவையில்லை. புரட்டாசி மாதத்து வேலை, அவ்வளவுதான்.

புரட்டாசியில் நாம் என்ன செய்கிறோம்? ஆயுத பூஜை பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வருகிறது. என் கடைக்கு அந்த இரண்டு நாளில் மட்டும் 40 வண்டிக்குக் குறையாமல் கழுவ வரும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் ராத்திரி இரண்டு மணி வரை வரிசை நிற்கும். ஒவ்வொரு கடையும் ஒர்க் ஷாப்பும் தரையைத் தேய்த்துக் கழுவி, வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்பு நுரையையும் வாசலில் தள்ளும். சாமி கும்பிடச் சுத்தம் செய்வது நல்ல காரியம். அந்தச் சுத்தம் அப்படியே வாறுகாலில் இறங்கி, அடுத்த சில நாளில் வருகிற முதல் மழையோடு ஆற்றுக்குப் போகிறது என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அதே மாதத்தில்தான் மாநகராட்சி வாறுகால் அள்ளுகிறது. அதையும் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தூய்மைப் பணியாளர்கள் காலையிலேயே வந்து கல்லைப் புரட்டி, குனிந்து நின்று, மண்வெட்டியால் கறுப்பு வண்டலை அள்ளி வாறுகால் ஓரத்திலேயே குவிக்கிறார்கள். கையுறை கொடுத்திருந்தாலும் அந்தச் சேற்றில் அது நிற்பதில்லை. பாதிப் பேர் வெறுங்கையோடுதான் அள்ளுகிறார்கள். குவித்ததில் தண்ணீர் வடிந்து காயட்டும், அப்புறம் வண்டி வந்து எடுக்கும் என்கிறார்கள். வண்டி நாலு நாள் கழித்து வரும். சில சமயம் வராது. அதற்குள் ஆட்டோக்கள் ஏறி அதை ரோடெல்லாம் இழுத்துவிடும். ஒரு மழை பெய்தால் குவியல் முழுக்கத் திரும்ப அதே வாறுகாலுக்குள் போய்விடும். போன வருஷம் எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. அந்தப் பணியாளர்களில் ஒரு அம்மா முழு நாள் குனிந்து அள்ளியதை இருபது நிமிஷ மழை திருப்பி எடுத்துக்கொண்டது. அவருடைய உழைப்புக்காகவாவது அள்ளிய அன்றைக்கே வண்டி வர வேண்டும். உங்கள் 55 பேரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆறு என்றால் கொக்கிரகுளத்துப் பாலத்திலிருந்து பார்க்கிற தண்ணீர் மட்டும்தான் என்று நினைத்தால் இது புரியாது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுண் வழியாக வந்து நயினார்குளத்தை நிறைக்கிறது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டைக்குள் நுழைந்து போகிறது. இரண்டும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய கால்வாய்கள். வழியில் எத்தனை தெருவின் வாறுகால் அவற்றில் விழுகிறது என்று உங்கள் இன்ஜினியர்களிடமே கேட்டுப் பாருங்கள். என்னிடம் வண்டி விடுகிற விவசாயி ஒருவர், பிசான நெல் பருவத்துக்கு நாற்று நடும்போது அந்தத் தண்ணீரில் நின்றால் ராத்திரி முழுக்கக் கால் அரிக்கிறது என்று கணுக்காலைக் காட்டினார். தோல் தடித்து, சொறிந்து புண்ணாகியிருந்தது. நம் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் வயலில் மிஞ்சி வழிகிற உரமும் சேர்ந்து குளங்களில் அமலைச் செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, வளர்க்கின்றன. அமலை மூடிய குளத்துக்குள் வெயில் இறங்காது, காற்று கலக்காது, மீன் நிற்காது. ஒவ்வொரு வருஷமும் பொக்லைன் வைத்து அள்ளுகிறோம், அடுத்த வருஷம் மறுபடியும் மூடிக்கொள்கிறது. அதற்குச் சாப்பாடு போடுவதை நிறுத்தாதவரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் துணி, மேலே வயல்களில் மழைக்கு முந்தின நாள் தூவும் யூரியா — இவையும் உண்டு. அவை உங்கள் எல்லைக்குள் வராது, அதனால் அங்கே போகவில்லை. உங்கள் கையில் இருப்பதையே பேசுகிறேன்.

எங்கள் தொழிலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்குத் தெரியும். பழைய ஆயில் அபாயக் கழிவு, அதை அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து மத்திய அரசு விதி சொல்கிறது. நடப்பது வேறு. வாங்க வருகிறவர் ஐம்பது லிட்டராவது சேர்ந்தால்தான் வண்டியைத் திருப்புவார். சந்துக்குள் இருக்கிற சின்னக் கடைக்கு அது சேர ஒன்றரை மாதம் ஆகும். எட்டடிக்குப் பத்தடிக் கடையில் பேரல் வைக்க ஏது இடம்? அதனால் அந்தச் சின்னக் கடைக்காரர் பாதியை, கான்கிரீட் போட அடிக்கிற சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார், மீதி வாறுகாலுக்குப் போகிறது. சென்ட்ரிங் பலகையில் தடவியதும் மழையில் கழுவிக்கொண்டு அதே வாறுகாலுக்குத்தான் வரும்.

இதற்கு வழி இருக்கிறது. வார்டுக்கு ஒரு இடத்தில், குப்பை வண்டிகள் நிற்கிற ஷெட்டிலேயே மூடி போட்ட பேரல் ஒன்று வையுங்கள். வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில், மெக்கானிக்குகள் கேனில் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகிறோம். மாநகராட்சியே மொத்தமாக அனுமதி பெற்ற ஆலைக்குக் கொடுக்கட்டும், வருகிற காசையும் மாநகராட்சியே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் பக்கத்தில் 14 கடைக்காரர்களிடம் இதைப் பேசினேன். 11 பேர் சரி என்றார்கள். மூன்று பேர் “பார்க்கலாம்” என்றார்கள். பேரல் வந்து நின்றால் அவர்களும் வருவார்கள்.

இன்னொன்று, தரை கழுவுகிற தண்ணீர். வெள்ளத்துக்குப் பிறகு என் கடை வாசலில் செங்கலும் சிமெண்டும் வைத்து மூன்று அறை உள்ள சின்னத் தொட்டி கட்டினேன். முதல் அறையில் மண் அடியில் தங்கும். இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும். நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும், கவிழ்த்து வைத்த எல்போ குழாய் வழியாக மூன்றாவதுக்குப் போய் வெளியேறும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்கிற ஒரே விஷயத்தை வைத்துச் செய்ததுதான். கொத்தனார் கூலி உட்பட எனக்கு 6,500 ரூபாய் ஆனது. சனிக்கிழமை சனிக்கிழமை மேலே மிதப்பதை அகப்பையால் வழித்துப் பேரலில் ஊற்றுகிறோம். வாரத்துக்கு ஒரு டம்ளர் சேருகிறது. ஒரு டம்ளர்தானே என்று தோன்றலாம். முன்பெல்லாம் வருஷத்துக்கு 52 டம்ளர் என் வாசலில் இருந்து மட்டும் ஆற்றுக்குப் போயிருக்கிறது. இந்த ஊரில் எத்தனை ஒர்க் ஷாப், எத்தனை வாட்டர் சர்வீஸ் இருக்கிறது என்ற கணக்கு உங்கள் தொழில் வரிப் புத்தகத்தில் இருக்கும். தொழில் உரிமம் புதுப்பிக்க வரும்போது, “தொட்டி கட்டியாச்சா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். புதிதாக உரிமம் கேட்கிற வாட்டர் சர்வீஸுக்குத் தொட்டி இல்லாமல் கொடுக்காதீர்கள். எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் மேல் எடுத்ததும் அபராதம் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு கடையில் கட்டிக் காட்டுங்கள். என் கடைத் தொட்டியை யார் வேண்டுமானாலும் வந்து அளவெடுத்துக்கொள்ளலாம்.

வாறுகால்கள் ஆற்றிலும் கால்வாயிலும் விழுகிற வாய்களில் இரும்புச் சல்லடையும், அதற்கு முன்னால் வண்டல் தங்கக் குழியும் வேண்டும். பிளாஸ்டிக் மட்டுமாவது அங்கே நிற்கும். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்கை அரசு 2019 ஜனவரி 1-ல் தடை செய்தது. ஆனாலும் நான் பிடித்த பாட்டிலுக்குப் பக்கத்தில் மிதந்து போனதெல்லாம் அதுதான். சல்லடை போட்டுவிட்டு மறந்துவிட்டால் அடைத்துக்கொண்டு தெரு முங்கும், மக்களே பிடுங்கி எறிந்துவிடுவார்கள். ஆகவே எந்தச் சல்லடையை எந்த நாளில் யார் சுத்தம் செய்வது என்பதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

பேவர் பிளாக் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வார்டில் போட்டுக் கொடுப்பதைத் தவறாகச் சொல்லவில்லை. சேற்றில் கால் வைத்து நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சுவரிலிருந்து சுவர் வரை போட்டு, வேப்ப மரத்தின் தூரையும் இறுக்கி மூடிவிடுகிறார்கள். முன்பு மண்ணில் ஊறிய தண்ணீர் இப்போது மொத்தமும் வாறுகாலுக்கு ஓடுகிறது, போகிற வேகத்தில் கிடக்கிறதையெல்லாம் இழுத்துக்கொண்டு. தெரு ஓரத்தில் இரண்டு அடி மண்ணை அப்படியே விட்டுவைத்தால் ஊறுகிற தண்ணீர் ஊறும், அழுக்கும் அங்கேயே தங்கும்.

கறிக்கடை, கோழிக்கடைக் கழிவுக்கும், ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி காலி செய்கிற இடத்துக்கும் விதிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பிடிப்பதுதான் இல்லை. எந்த லாரி எங்கே ஊற்றுகிறது என்று ஒவ்வொரு வார்டிலும் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

எனக்கு ஆறு எப்படித் தெரியும் என்றால், அப்பாவோடு குறுக்குத்துறையில் குளித்துத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் என்னைத் தோளில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஆற்றுக்குள் இருக்கிற முருகன் கோயிலைச் சுற்றித் தண்ணீர் போகும். குளித்து முடித்ததும் அப்பா மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டுவார். கலங்கல் ஊறும். இரண்டு மூன்று தடவை இறைத்துவிட்டால் கண்ணாடி மாதிரி ஊற்று வரும். அதைத் தூக்குவாளியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம், அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்கும். என் மகளை அதே இடத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒன்பதாங்கிளாஸ். படியில் இறங்கிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றவில்லை. “கால் நனைக்கலாமாப்பா?” என்று என்னிடம் கேட்டாள். தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளை கேட்ட கேள்வி அது.

சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் 3,200 வருஷத்துக்கு முந்தையது என்று 2021-ல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது, இங்கே நாங்கள் எல்லாம் நெஞ்சு நிமிர்ந்து நின்றோம். ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை என்று எல்லாமே பொருநை என்கிற இந்தத் தாமிரபரணி தந்தவை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அந்த நெல்லை விளையவைத்த தண்ணீரை இன்றைக்கும் குடிக்கிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை, வேறு மாநிலத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஆறு இது. அப்படி ஒரு கொடுப்பினை தமிழ்நாட்டில் எத்தனை பெரிய ஆற்றுக்கு இருக்கிறது? காப்பாற்றுவதும் கெடுப்பதும் முழுக்க நம் கையில்தான்.

அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வார்டு ஏரியா சபைக் கூட்டத்தில், மக்களிடம் நான் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த வாறுகால் தண்ணீர் எங்கே போகிறது? பதில் தெரியாத தெருக்களில், வாறுகால் மூடியின் மேல் பெயின்டால் ஒரே வரி எழுதிவையுங்கள்: “இது தாமிரபரணிக்குப் போகிறது.” எங்கள் தெருவில் அந்த வரியை நானே எழுதத் தயார். அனுமதி மட்டும் கொடுங்கள்.

ஐப்பசி முதல் மழை பெய்கிற சாயங்காலம், நானும் பையனும் பாட்டில்களோடு அந்த வாறுகால் வாயில் நிற்போம். இந்த வருஷம் எங்கள் தெருக் கடைக்காரர்கள் சிலரும் வருகிறார்கள். உங்களில் யார் வந்தாலும், முதல் பாட்டிலை உங்கள் கையால் பிடித்துப் பாருங்கள். 2024-ல் பிடித்த நாலு பாட்டிலும் கடை மேஜையில் வரிசையாக இருக்கின்றன. முதல் பாட்டிலில் எண்ணெய் வளையம் இன்னும் அப்படியே மேலே நிற்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
திருநெல்வேலி ஜங்ஷன்.